நாற்பத்துநான்காவது விரிசல்

பாழடைந்த மாளிகை என்று சொல்லித்தான் அந்த வில்லாவை வாடகைக்கு எடுத்தார்கள். வந்து பார்த்தால் அது போதுமான அளவுக்குப் பாழடைந்திருக்கவில்லை. முப்பது வருடமாக ஆள் குடியிருக்காத வீடுதான். மாடி அறைகளில் புறாக்கள் குடும்பம் நடத்தின, தோட்டத்துச் சிலைகளில் பாதிக்குத் தலை இல்லை. ஆனால் கூடத்துச் சுவர்கள் மட்டும் கல்யாணத்துக்கு வெள்ளையடித்ததுபோல மழமழவென்று நின்றன. தயாரிப்பாளர் பொம்பீலியோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேய் வர்ற வீடாய்யா இது? இதுக்குள்ள பேய் வந்தா செருப்பக் கழட்டிட்டுத்தான் வரும்!"

ஆகவே ஓவியர் அமெதேயோ ஏணி போட்டு விரிசல் வரைய ஆரம்பித்தார். கரியும் பழுப்பும் குழைத்து, மெல்லிய தூரிகையால் அவர் இழுக்கிற கோட்டை நாலடி தள்ளி நின்று பார்த்தால், சுவர் இந்த நிமிஷமே பிளந்துவிடும் என்று தோன்றும். கூடத்தில் மட்டும் நாற்பத்துமூன்று விரிசல்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படம் வரைந்து, தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள் இல்தா.

அதுதான் அவள் வேலை. சினிமாவைத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். திங்கட்கிழமை பாதி எரிந்திருந்த மெழுகுவர்த்தி, அதே காட்சியின் மிச்சத்தை புதன்கிழமை எடுக்கும்போது முழுசாக நிற்கக் கூடாது. கதாநாயகியின் எந்தத் தோளில் முடி விழுந்திருந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது, எத்தனை பேர் நின்றார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து எழுத ஒருத்தி வேண்டும். பணக்காரக் கம்பெனிகள் அதற்கு உடனடிப் படம் எடுக்கிற கேமரா வாங்கித் தருவார்கள். பொம்பீலியோ இரண்டு பென்சில் வாங்கித் தந்தார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓரத்தில் "பொருந்துகிறது" என்று எழுதுவாள். அந்த ஒரு சொல்லை எழுதுகிறவரை அவளுக்கு நிம்மதி கிடையாது.

படப்பிடிப்பில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. போஸ்டரில் வரப்போகிற பெயர் வேறு: ஹில்டா கிரே. இத்தாலிக்காரன் எடுத்த பேய்ப்படத்துக்கு இத்தாலிக்காரனே டிக்கெட் வாங்க மாட்டான் என்பதால், எல்லோருக்கும் அமெரிக்கப் பெயர் வைத்திருந்தார்கள். டைரக்டர் எர்மெதே, ரோமாபுரியில் பிறந்து ரோமாபுரியிலேயே வளர்ந்தவர், போஸ்டரில் ஹாரி வுட்கேட். அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது 'ஓகே' மட்டும்.

இல்தாவுக்கு இந்த வேலை போனால் அடுத்தது கிடையாது. போன படத்தில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபு கையில் கைக்கடிகாரம் கட்டியிருந்ததைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டாள். சொன்னது சரிதான். ஆனால் அந்த டைரக்டர் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டதை மறக்கவில்லை. ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்தாள். எர்மெதேதான் போனால் போகிறதென்று கூப்பிட்டார். கூப்பிடும்போதே சொல்லிவிட்டார்: "பாரும்மா, கண்ணத் தொறந்து வெச்சுக்கோ, வாய மூடி வெச்சுக்கோ."

முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சவப்பெட்டிக் காட்சிக்காக ஊரிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதைச் சுற்றியிருந்த ரிப்பன் ஊதா நிறம். கொண்டுவந்தவனுக்கு என்ன தெரியும் பாவம், சினிமாக்காரனா அவன்? கதாநாயகி மிரெல்லா அதைப் பார்த்ததும் போட்ட அலறலில் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. நாடகமோ சினிமாவோ, எங்கள் நாட்டில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஊதா ஆகாது. ஊதா உடுத்தமாட்டார்கள், ஊதா உடுத்தியவரை உள்ளே விடமாட்டார்கள். தவக்காலத்தில் கோயிலெல்லாம் ஊதாத் துணி போர்த்துகிற அந்த நாற்பது நாளும் முன்பெல்லாம் நாடகத்துக்குத் தடை, நடிகனுக்குப் பட்டினி. அந்தப் பட்டினியின் பயம் இன்னும் வயிற்றை விட்டுப் போகவில்லை.

எர்மெதே அன்று எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே துரத்தினார். இரும்பைத் தொட்டால் அபசகுனம் கழியும் என்பதால், நூறடி தள்ளியிருந்த இரும்பு கேட்டை ஒவ்வொருவரும் தொட்டுவிட்டு, புதிதாக வருவதுபோலத் திரும்பி வந்தார்கள். அரைமணி நேரம் வீண் என்று கத்திக்கொண்டே முதலில் ஓடிப்போய் கேட்டைத் தொட்டவர் தயாரிப்பாளர்தான்.

கூடத்தின் இடப்பக்கம் வீட்டாரின் சின்னக் கோயில் ஒன்று இருந்தது. தவக்காலம் என்பதால் அங்கிருந்த வியாகுல மாதா சிலையைக் காவல்காரர் ஊதாத் துணியால் போர்த்தியிருந்தார். அந்தக் கதவைப் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டச் சொன்னார் டைரக்டர். அப்படியும் மிரெல்லா அந்தப் பக்கம் நடக்கமாட்டாள். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் கூடத்துக்கு வருவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் இல்தா அதைப் பார்த்தாள். கூடத்தின் மேல் மூன்று பக்கமும் ஓடுகிற உள்பால்கனியை ஆறு கல் தாங்கிகள் சுவரிலிருந்து நீண்டு தாங்கின. மூன்றாவது தாங்கிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்தில், நோட்டில் இல்லாத ஒரு கோடு.

"அமெதேயோ, நாப்பத்துநாலு எப்பப் போட்டீங்க?"

அமெதேயோ ஏணி மேலிருந்து, வாயில் சிகரெட்டோடு, எட்டிப் பார்த்தார். "எங்க?"

"மூணாவது தாங்கிக்குக் கீழ. நேத்து ஷாட்ல அது இல்ல. அழிச்சிடுங்க."

"நானா போட்டேன்?" என்று தலையைச் சொறிந்தார். "போட்டிருப்பேன். சாப்பாட்டுக்கு அப்புறம் கை தன்னால போகுது தாயி, ஒயின் அப்படி." இறங்கி வந்து சாந்து குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு தடவினார். கோடு போய்விட்டது. இல்தா "பொருந்துகிறது" என்று எழுதினாள்.

புதன்கிழமை அது திரும்ப வந்திருந்தது. கொஞ்சம் நீண்டு, தாங்கியின் பக்கமாக வளைந்திருந்தது. கீழே தரையில் வெள்ளையாகப் பொடி.

"சாந்து காயல. மார்ச் மாச ஈரம்," என்றார் அமெதேயோ. ஆனால் இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சாந்து வைத்து, அதன்மேல் ஒரு துணிப்பட்டையைப் பசை தடவி ஒட்டி, சுவர் நிறத்தைப் பூசினார். "இனிமே ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது." அன்றும் இல்தா "பொருந்துகிறது" என்று எழுதினாள்.

வியாழக்கிழமைதான் கடைசி நாள். மறுநாள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இல்தா எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்ததால் வெளியே பளீரென்று வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இருட்டுதான். கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். துணிப்பட்டை நடுவில் கிழிந்து தொங்கியது.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தப் பிளவின் வாயில் வைத்தாள். அது உள்ளே போயிற்று. பாதிப் பென்சில் போயிற்று. வரைந்த விரிசலுக்குள் பென்சில் போகாது.

இல்தா பென்சிலை உருவிக்கொண்டு, நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். திங்கட்கிழமை மாலை: பெரிய விளக்குகள் இரண்டையும் பால்கனிக்கு ஏற்றினார்கள், ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள். செவ்வாய்க்கிழமை காலை: கோடு. எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு நாளாக வீடு வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் அந்த வாயைச் சாந்து வைத்து அடைக்கச் சொன்னவள் அவள்தான். சுவர் இடிகிறதா என்று பார்க்கவில்லை, ஷாட் பொருந்துகிறதா என்று பார்த்தாள். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

அமெதேயோ வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் சுவரைப்போல வெளுத்தது.

"உங்களுக்கு நேத்தே தெரியும், இல்ல?"

"மெதுவாப் பேசு." சுற்றுமுற்றும் பார்த்தார். "தெரியும்னு இல்ல... ஒரு சந்தேகம். சொன்னா என்ன ஆகும்? நிஜ விரிசல அடைச்சு மறைச்சான்னு என்னத்தான் புடிப்பானுங்க. ஒரு நாள் கண்ணு. சாயங்காலம் மூட்டையக் கட்டிடுவோம். இருநூறு வருஷம் நின்ன வீடு இன்னும் எட்டு மணி நேரம் நிக்காதா?"

"மேல எத்தன பேர் ஏறப் போறாங்கன்னு தெரியுமா?"

அமெதேயோ கத்தியை எடுத்து, தொங்கிய துணியை ஒழுங்காக வெட்டிவிட்டார்.

முப்பத்தொரு பேர். படத்தின் கடைசிக் காட்சி அது. இந்தக் குடும்பத்தில் செத்துப்போன அத்தனை பேரும் பால்கனியில் வரிசையாக நின்று கீழே நிற்கும் கதாநாயகியைப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். கசாப்புக் கடைக்காரர் மனைவி பால்மிரா, தபால்காரர், ரொட்டிக் கடைச் சகோதரிகள் என்று ஊரே வந்திருந்தது. ஆளுக்கொரு படுக்கை விரிப்பைப் போர்த்தி, முகத்தில் மாவு பூசினார்கள். பேய்க்கு ஏது செருப்பு என்று டைரக்டர் எல்லோரையும் காலணிகளைக் கழற்றச் சொன்னார். பால்கனியின் பின்சுவரை ஒட்டி முப்பத்தொரு ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்தன. பால்மிராவுக்குத்தான் மனசு இல்லை. அவளுடையது ஈஸ்டருக்காக வாங்கின புதுச் செருப்பு.

பால்மிரா காலையில் வந்த உடனே இல்தாவைப் பார்த்து, "என்னம்மா இப்படி ஒட்டடக் குச்சியா இருக்க?" என்று, முட்டை அடை வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கையில் திணித்தவள். இல்தா மேலே போய் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இறங்கிடுங்க. இந்தப் பால்கனி சரியில்ல. விழுந்தா செத்துருவீங்க."

பால்மிரா மாவு பூசிய முகத்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நாங்கதான் ஏற்கெனவே செத்துட்டோமே கண்ணு!" அதைப் பக்கத்தில் நின்ற தபால்காரரிடம் சொன்னாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. விளக்குக்குப் பக்கத்தில் நின்ற லைட்மேன்கள் இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். பால்கனியில் இப்போது முப்பத்துமூன்று பேர்.

எர்மெதே கீழிருந்து கத்தினார். "சத்தம் போடாதீங்க செத்தவங்களா! ஒத்திகை! நான் கைய இறக்கினதும் எல்லாரும் ஒண்ணா வலது கால ஓங்கி மிதிக்கணும். எனக்குக் கூரையிலேர்ந்து தூசி கொட்டணும். மிதிங்க!"

முப்பத்தொரு வெறுங்கால்கள் பலகையில் விழுந்தன. தூசி கொட்டியது. கூடமே கைதட்டியது. இல்தா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அமெதேயோ உத்தரத்தில் தூசி நிரப்பி வைத்திருந்த சல்லடை அசையவே இல்லை. கொட்டியது மூன்றாவது தாங்கியிலிருந்து.

அவள் நேராக டைரக்டரிடம் போனாள். வாய மூடி வெச்சுக்கோ என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது. இருந்தாலும் போனாள்.

"டைரக்டரே, இந்த ஷாட்ட எடுக்கக் கூடாது. பால்கனி தாங்காது. அங்க விரிசல் விட்டிருக்கு."

எர்மெதே கண்ணை மூடித் திறந்தார். "விரிசலா? எந்த நம்பரும்மா? இந்த வீட்ல நாப்பத்துமூணு விரிசல். எல்லாத்துக்கும் ஞானஸ்நானம் குடுத்தவளே நீதான்."

"இது வரைஞ்சது இல்ல. நிஜம். பென்சில் உள்ள போகுது."

"அமெதேயோ!"

அமெதேயோ வந்தார். தோளில் துணி, விரல் இடுக்கெல்லாம் காய்ந்த சாந்து. இல்தா அவர் கண்ணையே பார்த்தாள்.

"அது யாரு வேலய்யா?" என்றார் டைரக்டர்.

"என் வேலைதான்," என்றார் அமெதேயோ. "ஆழமாத் தெரியணும்னு கொஞ்சம் சுரண்டிட்டேன்."

பொம்பீலியோ பின்னாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டினார். "நாளைக்குச் சாவி குடுக்கணும் சாமிகளா. படச்சுருள் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். இந்தப் பொண்ணு போன படத்துல கடிகாரம், இந்தப் படத்துல சுவரு. அடுத்த படத்துல சூரியன் தப்பா உதிக்குதும்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் குரலைத் தாழ்த்தினார், அதுதான் இன்னும் மோசம். "இல்தா. போய் ஒரு காப்பி குடி. அஞ்சு நிமிஷத்துல டேக்."

அவள் சமையலறைக்குப் போனாள். காப்பி குடிக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எல்லாவற்றையும்விடப் பயம் பெரிதாக இருந்தது. போலீஸுக்குச் சொல்லலாம் என்றால் டெலிபோன் இருக்கிற ஊருக்குப் போகவே இருபது நிமிஷம். நோட்டைக் காட்டலாம் என்றால் அந்த நோட்டே 'பொருந்துகிறது' என்று இரண்டு முறை பொய் சாட்சி சொல்கிறது. கண்ணால் பார்க்கிற சுவரை நம்பாதவர்களை என்ன சொல்லி நம்பவைப்பது? இவர்கள் எதைத்தான் நம்புவார்கள்?

அப்போதுதான் ஆணியில் தொங்கிய சாவி கண்ணில் பட்டது.

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இல்தாவும் அதே தொழில்காரிதான். எட்டு வருடமாக ஊதாநிறக் கைக்குட்டைகூட வைத்துக்கொண்டதில்லை. ஒருமுறை அத்தை பின்னித் தந்த ஊதா ஸ்வெட்டரை, பிரித்துப் பார்க்காமலேயே பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டவள். சின்னக் கோயிலின் பூட்டைத் திறந்தாள். உள்ளே மெழுகு வாசனை. நடுவில், தலைமுதல் கால்வரை ஊதாவில் மூடியபடி மாதா. இல்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுடு தாயே. உன் போர்வையக் கொஞ்சம் கடன் கேக்கறேன்."

துணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பெரியது, கனமாகவும் இருந்தது. அதைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். உடம்பெல்லாம் பல்லி ஊர்ந்ததுபோலக் கூசியது.

கூடத்திலிருந்து டைரக்டர் குரல் கேட்டது. "கேமரா! செத்தவங்க தயாரா? மிரெல்லா, மேல பாரு, இன்னும் மேல. கை இறக்கினதும்..."

இல்தா கேமராவுக்கு முன்னால் நடந்துபோய், மிரெல்லாவுக்கு இரண்டடி முன்னால், வெளிச்சத்தின் நட்டநடுவில் நின்றாள்.

மிரெல்லா அலறினாள். அந்தப் படம் முழுக்க அவள் எத்தனையோ முறை அலறியிருக்கிறாள், ஆனால் இந்த மாதிரி ஒன்று வாய்க்கவில்லை. கேமராமேன் கேமராவை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் தாவினார். கெட்ட சகுனம் ஒட்டாமலிருக்க எங்கள் ஊர் ஆண்களின் கைகள் எங்கே போகுமோ அங்கே, இடுப்புக்குக் கீழே, போயின. மேலே ரொட்டிக் கடைச் சகோதரிகளுக்குச் சினிமா சாஸ்திரம் தெரியாது. ஆனால் இத்தனை பேர் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் போர்வையைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி ஓடினார்கள்.

"வெளிய!" எர்மெதே கத்தினார். "எல்லாரும் வெளிய! கேட்டத் தொடுங்க! ஒருத்தரும் உள்ள நிக்கக் கூடாது!"

லைட்மேன்கள் இரண்டு பேரும் மட்டும் அசையவில்லை. "நாங்க கம்யூனிஸ்ட்டுங்க," என்றான் ஒருவன் மேலிருந்து. "எங்களுக்கு ஒரே கலர்தான்."

இல்தா துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்து மேலே ஏறப் போனாள். அவ்வளவுதான். கட்சியாவது கொள்கையாவது, இரண்டு பேரும் மறுபக்கப் படியில் உருண்டு இறங்கி வெளியே ஓடினார்கள்.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. மாவு பூசிய முகங்களும் வெள்ளைப் போர்வைகளுமாக ஒரு செத்த குடும்பமே சரளைக்கல்லில் வெறுங்காலோடு 'ஸ்ஸ்', 'ஆ' என்று நொண்டிக்கொண்டு கேட்டை நோக்கிப் போயிற்று. இல்தா கடைசியாக வந்து வாசற்படியில் நின்றாள். காது மட்டும் பின்னால் கூடத்தின் பக்கமே இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

எல்லோரும் கேட்டைத் தொட்டார்கள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப வரத் தொடங்கினார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

எர்மெதே பத்தடி தள்ளி நின்றார். இல்தாவைப் பார்க்காமல், அவளுக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்துப் பேசினார். "கடைசிச் சுருள்ல பாதி போச்சு. வேணும்னே பண்ணியிருக்க. அந்தத் துணிய அங்க போட்டுட்டுக் கிளம்பு. இனிமே எந்தப் படத்துலயும் உன் மூஞ்சிய நான் பாக்கக் கூடாது."

"சரி," என்றாள் இல்தா.

அவள் துணியைத் தோளிலிருந்து எடுத்தாள். ஆனால் ஓரமாகப் போடவில்லை. வாசல் அகலத்துக்கு இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நகருடீ!" என்றார் பொம்பீலியோ, கிட்டே வராமல்.

"மாட்டேன்."

"யாராவது அவளப் புடிச்சு இழுங்கய்யா!"

யாரும் வரவில்லை. யார் தொடுவார்கள்? இல்தாவுக்குக் கை வலித்தது. கழுத்தில் வியர்வை ஓடியது. உள்ளே ஏதாவது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். உடனே, ஐயோ எதற்கு விழ வேண்டும், நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றும் வேண்டிக்கொண்டாள். அமெதேயோ கூட்டத்தின் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமையக்கட்டு வழியாப் போங்கப்பா!" என்று யாரோ சொன்னார்கள். அந்த வழி இல்தாவுக்குத் தோன்றவே இல்லை.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், கூடத்துக்குள், கனமான ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு கல் கல்லோடு மோதியது. விளக்குகள் இரண்டும் வெடித்தன. வாசலிலிருந்து வெள்ளைப் புழுதி அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டியது. படியிலிருந்து உருண்டு சரளைக்கல்லில் முழங்கால் தேய விழுந்தாள். துணி அவள்மேல் விழுந்தது.

எழுந்ததும் முதலில் எண்ணினாள். மூக்குக்கண்ணாடியில் அப்பிய தூசியைத் துடைக்கக்கூட இல்லை. தபால்காரர், சகோதரிகள் இரண்டு பேர், லைட்மேன்கள் இரண்டு பேர்... முப்பத்திரண்டு. திரும்ப எண்ணினாள். முப்பத்திரண்டு. ஒரு ஆள் குறைகிறது.

"பால்மிரா எங்க?" என்று கத்தினாள். "பால்மிராவப் பாத்தீங்களா?"

அவர்கள் வேறு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஊதாவக் கொண்டாந்தா," என்றாள் மிரெல்லா, பல் கிட்டித்துப்போய். "கொண்டாந்தா, வீடு விழுந்துச்சு. கண்ணால பாத்தோம்."

"நம்ம எல்லாரையும் கொன்னிருப்பா," என்றார் தபால்காரர். அவருக்கும் இப்போது சாஸ்திரம் புரிந்துவிட்டது.

"கேட்டத் தொட்டதாலதான் பொழைச்சோம்," என்றார் எர்மெதே. பொம்பீலியோவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கேமராமேனின் சட்டையைப் பிடித்தார். "யோவ், கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சா?" "நிறுத்தாம ஓடி வந்துட்டேன் முதலாளி." வீடு விழுந்ததும் படமாகியிருக்கும் என்று பொம்பீலியோவின் புழுதி படிந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து, நடுவிரல்கள் மடங்கி, தரையைக் குத்துகிற கொம்பு. அபசகுனம் பிடித்தவளைப் பார்த்தால் காட்டுகிற கொம்பு. இல்தா அமெதேயோவைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அமெதேயோ. நீங்களாவது சொல்லுங்க."

அமெதேயோ சாந்து படிந்த கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். ஒரு கையை மெல்ல வெளியே எடுத்தார். அதுவும் கொம்பாகத்தான் வந்தது.

இனி அவளுக்கு ரோமாபுரியில் வேலை கிடையாது. வேன் ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்விடும். அவள் பெயரைச் சொன்னாலே சாவியையோ ஆணியையோ, ஏதாவது ஓர் இரும்பைத் தேடித் தொடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, வலித்தது. ஆனால் இப்போதைக்கு அதை நினைக்க நேரமில்லை. புழுதி கக்கிக்கொண்டிருந்த வாசலை நோக்கி நடந்தாள். தடுக்க யாரும் வரவில்லை.

"யம்மாடீ..."

வீட்டின் பக்கவாட்டில், சமையலறைக் கதவுப் பக்கமாக, ஒரு வெள்ளை உருவம் தடுமாறிக்கொண்டு வந்தது. வெறுங்கால், கிழிந்த போர்வை, மாவின்மேல் சுண்ணாம்பு.

"செருப்ப எடுக்கப் போனேன்," என்றாள் பால்மிரா, இருமிக்கொண்டே. "பின்படில மொதல் கால வெச்சேன், மேல இருந்த படியே காணோம். என் ஈஸ்டர் செருப்பு! ஒரு தடவதான் போட்டேன்!"

இல்தா ஓடினாள். கட்டிக்கொள்ளப் போகிறவள்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். துணியின் ஒரு முனை இன்னும் அவள் தோளில் தொங்கியது. பால்மிரா அதைப் பார்த்தாள், கூட்டத்தின் கைகளைப் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள்.

"கிட்ட வராத!" காலையில் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த அதே கையால் கொம்பு காட்டினாள்.

இல்தா நின்றாள். அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் முழுசாக, உயிரோடு, பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கை. திரும்பி மற்ற கைகளையும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு சரளைக்கல்லிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைப் பாவாடையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்த நோட்டை மடியில் விரித்தாள்.

கடைசிக் காட்சி. பால்கனியில் முப்பத்துமூன்று பேர். வெளியே முப்பத்துமூன்று பேர். பொருந்துகிறது.